ஷூ ஜிப் பிளந்துகொண்டால் ரன்னரை நெருக்குவதா, ஜிப்பையே மாற்றுவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து லேஸ் கட்ட முடியவில்லை. அதனால் உள்பக்கம் ஜிப் வைத்த, கணுக்கால் உயரத் தோல் ஷூ ஒன்றை 2,400 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தீர்கள். இடது கால் ஜிப் மேலே வரை ஏறிவிடுகிறது, ஆனால் நாலு அடி நடந்ததும் நடுவில் பிளந்துகொள்கிறது. தெருமுனையில் உட்கார்ந்து தைப்பவர் 30 ரூபாய்க்கு ரன்னரை (ஜிப்பை மூட மேலும் கீழும் இழுக்கிற துண்டை) நெருக்கிக் கொடுத்தார், இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. இப்போது ஒரு கடையில் இரண்டு காலுக்கும் ஜிப் மாற்றி, முன்பக்கம் வாய் பிளந்திருக்கும் இடது கால் சோலையும் தைத்துத் தர 900 கேட்கிறார்கள். ஜிப் என்ன அவ்வளவு விலையா, ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ, 900 கொடுத்தால் இந்தத் தடவையாவது நிற்குமா என்பதுதான் உங்கள் கவலை என்று படுகிறது. அதற்குப் பதில் சொன்னால் விலைக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி தைக்கும் பிரிவில் பல வருஷம் இருந்தவன். இப்போது சென்னையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கம்பெனியில் புது ஷூ தைப்பதும் கடையில் பழைய ஷூ தைப்பதும் ஒரே வேலை மாதிரித் தெரியும், ஆனால் இரண்டும் எதிரெதிர். அங்கே தோலைத் தட்டையாக விரித்து, ஜிப்பை வைத்துத் தைத்து முடித்த பிறகுதான் அது கால் வடிவ அச்சில் ஏறி ஷூவாகும். இங்கே ஷூ ஏற்கெனவே ஷூவாக வந்து நிற்கும், அதன் வயிற்றுக்குள் ஊசி போய்வர வேண்டும். உங்களிடம் கேட்ட கூலியில் பெரும்பகுதி இந்த வித்தியாசத்துக்குத்தான். ஷூவைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் எது நிச்சயம், எது பார்த்தால்தான் தெரியும் என்பதை அங்கங்கே குறித்துவிடுகிறேன்.

முதலில் ஜிப். மூடிய பிறகு பிளக்கிறது என்றால் பெரும்பாலும் கெட்டுப்போனது பல் இல்லை, ரன்னர். ரன்னரைத் திருப்பிப் பாருங்கள். மேல் தகடு, கீழ்த் தகடு, இரண்டையும் இணைக்கும் ஒரு சின்ன முளை, அவ்வளவுதான். முன்பக்கம் இரண்டு வாய், பின்பக்கம் ஒரு வாய். இழுக்கும்போது பற்கள் இரண்டு வாய் வழியாகத் தனித்தனியாக உள்ளே வந்து, பின்வாயில் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு வெளியேறும். அவற்றை அழுத்திக் கோக்க வைப்பது பின்வாயின் அந்தச் சின்ன இடைவெளிதான். அது ஒரு முடியளவு அகன்றால்கூடப் பற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பிடித்துக்கொள்ளாது. மேலே ஏறியபோது மூடின மாதிரித் தெரியும், காலை மடக்கியதும் விட்டுக்கொடுக்கும். ரன்னர் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்ப்பது. மிருதுவான உலோகம். ஷூ ஜிப் தரைக்கு நாலு விரல் உயரத்தில் இருப்பதால் மண்ணும் தூசியும் உள்ளே போய் அதை உள்பக்கமாக அரைத்துக்கொண்டே இருக்கும்.

தெருமுனைக்காரர் குறடால் செய்தது அந்தப் பின்வாயின் இரண்டு ஓரத்தையும் நெருக்கியதுதான். அது சரியான முதலுதவி. 30 ரூபாய்க்கு அவர் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் நெருக்குவதால் இடைவெளி குறையுமே தவிர, தேய்ந்துபோன உலோகம் திரும்பி வராது. வார்ப்பு உலோகம் வளைவதையும் விரும்பாது. ஒரு தடவை நெருக்கலாம். இரண்டாம் தடவை நெருக்கும்போது ஓரம் ‘டக்’கென்று உடைவது கடையில் அடிக்கடி நடக்கும். ஆகவே மறுபடி நெருக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அடுத்து, ரன்னர் மாற்றினால் போதுமா, ஜிப்பே போக வேண்டுமா என்பது. இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அப்பாவின் கால் இல்லாமல், காலி ஷூவில் ஜிப்பை முழுக்க மூடுங்கள். இரண்டு பக்கத்தையும் விரலால் பிடித்து மெதுவாக வெளியே இழுங்கள். நாலைந்து தடவை இப்படித் திறந்து மூடிப் பாருங்கள். பிளக்கும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறினால் ரன்னர்தான், புது ரன்னர் போட்டால் சரியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் பிளந்தால், அந்த இடத்தில் பல் நசுங்கியோ நகர்ந்தோ இருக்கிறது. அதற்கு எந்த ரன்னரும் மருந்தில்லை. பல்லை ஒட்டிய துணி நாடா கிழிந்திருந்தாலும், இழை இழையாகத் தொங்கினாலும் அப்படியே, ஜிப் மாற்றியே ஆக வேண்டும். நாடா நன்றாக இருந்து, அது தோலிலிருந்து மட்டும் விட்டுப் போயிருந்தால் ஜிப்புக்கு ஒன்றுமில்லை, அந்த இடத்தைத் தைத்தால் முடிந்தது. காலி ஷூவில் எத்தனை தடவை இழுத்தாலும் பிளக்காமல், கால் போட்டால் மட்டும் பிளக்கிறது என்றால் கதை வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் கேள்வியோடு போட்ட படத்தில் தெரிவது நைலான் சுருள் ஜிப். பல் என்று சொன்னாலும் அது பக்கத்துக்கு ஒரே நைலான் இழையைச் சுருட்டி நாடாவில் தைத்தது. இதில் ஒரு வசதி, நடுவில் பிளந்தால் ரன்னரைக் கீழே கொண்டுபோய் மறுபடி ஏற்றினால் கோத்துக்கொள்ளும். உலோகப் பல்லிலோ, தனித்தனியாக வார்த்த பிளாஸ்டிக் பல்லிலோ ஒரு பல் போனால் போனதுதான். போதாததற்கு, சென்னைக் கடற்காற்றில் பித்தளைப் பல் பச்சை பூத்து இறுகிவிடும். ஷூவுக்கு நைலானே நல்லது என்பது என் கட்சி.

இடையில் ஒன்று. ஜிப் பிறந்ததே ஷூவுக்காகத்தான். அமெரிக்காவில் விட்கோம்ப் ஜட்சன் 1893இல் காப்புரிமை வாங்கிய கொக்கிப் பூட்டு, ஷூவை மூடுவதற்குச் செய்தது. அது பாதியில் திறந்துகொள்கிறது என்று அன்றைக்கே புகார். இன்று நாம் பயன்படுத்தும் பல் ஜிப்புக்கு கிடியன் சண்ட்பேக் 1917இல் காப்புரிமை பெற்றார். 1923இல் பி.எஃப். குட்ரிச் கம்பெனி அதை ரப்பர் பூட்ஸில் வைத்து விற்ற பிறகுதான் அது நாலு பேருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் சட்டைக்கும் பேண்டுக்கும் போனது.

ரன்னர் மட்டும் மாற்றுவதானால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, நம்பர். ரன்னரின் பின்பக்கம் 3, 5, 8, 10 என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் பொறித்திருக்கும். மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் ஷூவில் அநேகமாக 5தான் வரும். பார்வைக்குப் பொருந்துகிறதே என்று வேறு நம்பர் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும், பிடிக்காது. இரண்டாவது, பூட்டு. ஷூவுக்கு ஆட்டோலாக் ரன்னர் வேண்டும். கைப்பிடியை விட்டதும் உள்ளே ஒரு சின்ன முள் இறங்கிப் பற்களைப் பிடித்துக்கொள்ளும். பைக்குப் போடும் ரன்னரில் அந்த முள் இருக்காது. அதை ஷூவில் போட்டால் நடக்க நடக்கத் தானே கீழே இறங்கும். மறுபடி ஜிப் கெட்டுவிட்டது என்று ஆட்கள் திரும்பி வருவார்கள். மூன்றாவது, சுருள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. சில ஷூவில் அழகுக்காகச் சுருளை உள்பக்கம் திருப்பி, வெளியே வெறும் நாடா தெரியும்படி வைத்திருப்பார்கள். அதற்கு ரன்னர் தனி. சென்னைப் பெரியமேட்டில் ஜிப் ரோலை மீட்டர் கணக்கிலும் ரன்னரைச் சில்லறையாகவும் தருவார்கள், இந்த வகை எல்லாம் கிடைக்கும். உங்கள் ஊரில் கிடைக்குமா என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த வேறு கதை. நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது இதுதான்: பிளப்பது இடது கால் ஜிப், முன்பக்கம் வாய் திறந்திருப்பதும் இடது கால் சோல். வலது காலில் ஒன்றுமில்லை. அப்பாவுக்குப் பாதித்தது இடது பக்கமா? அப்படியென்றால் இரண்டு பழுதுக்கும் ஜிப்பும் சோலும் மட்டும் காரணமாக இருக்காது. பாதித்த கால் மாலையில் வீங்குவது சகஜம். பாதம் தொங்காமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் பட்டை போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டால் அது வேறு இடத்தை அடைக்கும். ஷூ காலையில் சரியாக மூடி, சாயங்காலம் பிளக்கிறது என்றால் ஜிப்மேல் பழி போடவே முடியாது, ஷூ அந்தக் காலுக்குப் போதவில்லை. புது ஜிப் போட்டாலும் அதுவும் அதே பாட்டைத்தான் படும். அதற்கு வழி, ஜிப் மாற்றும்போதே நாடாவுக்கும் தோலுக்கும் இடையில் விரற்கடை அகலத்துக்கு ஒரு எலாஸ்டிக் துண்டு சேர்த்துத் தைப்பது. பார்க்கக் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், ஆனால் கால் நிம்மதியாக இருக்கும். இதற்கு ஷூவை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். முடிந்தால் அப்பாவை சாயங்கால வேளையில் கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால், அவர் ஷூவைப் போட்டு ஜிப்பைத் திறந்து வைத்திருக்கும்போது இரண்டு ஓரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, ஜிப் மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தால் அந்த வேலையில் என்ன இருக்கிறது? துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும், நூலை உருவிவிட்டால் இழைகள் மறுபடி சேர்ந்துகொள்ளும். தோல் அப்படியில்லை. தோலில் விழுந்த ஊசி ஓட்டை ஆயுசுக்கும் ஓட்டைதான். ஷூ ரிப்பேரில் நல்ல வேலை, கெட்ட வேலை என்பதெல்லாம் கடைசியில் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. உங்கள் ஷூவில் ஜிப் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு ஓட்டை ஏற்கெனவே இருக்கும். புது ஜிப்பை வைத்து, அவசரத்தில் அதன் மேலேயே மெஷினை ஓட்டினால் பழைய ஓட்டைகளுக்கு நடுநடுவே புது ஓட்டை விழும். அப்போது தோலின் ஓரம் தபால்தலைத் தாளில் கிழிப்பதற்காகப் போடும் துளை வரிசை மாதிரி ஆகிவிடும். தைத்த அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், சில மாதத்தில் தையலோடு தோலும் சேர்ந்து பிய்ந்து வரும். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, பிடித்துத் தைக்க ஓரமே இருக்காது. சரியான முறை, பழைய ஓட்டை ஒவ்வொன்றிலும் ஊசி இறங்கும்படி, மோட்டாரில் ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைப்பது. நேரம் இங்கேதான் போகும். நீங்கள் கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியும் இதுதான்: “பழைய ஓட்டையிலேயே தைப்பீர்களா?” ஆமாம் என்று உடனே சொன்னாலும் சரி, “அது நேரமாகும், அதனால்தான் இந்தக் கூலி” என்று அலுத்துக்கொண்டாலும் சரி, ஆள் வேலை தெரிந்தவர். கேள்வியே புரியாமல் பார்த்தால் ஷூவை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வேலை வரிசையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜிப் நாடா வெளித்தோலுக்கும் உள்பக்க லைனிங்குக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். பிளேடு நுனியால் தையலை ஒவ்வொன்றாக அறுத்துப் பிரிக்க வேண்டும், தோலில் கீறல் விழக்கூடாது. புது ஜிப்பை மூடிய நிலையில் வைத்து இரண்டு நாடாவிலும் நேருக்கு நேர் சாக்பீஸால் கோடு போட வேண்டும். இந்தக் கோடு போடாமல் ஒட்டினால் ஒரு பக்கம் மூன்று நாலு மில்லிமீட்டர் ஏறி நிற்கும், மூடும்போது ஜிப் அலை அலையாக நெளியும். அப்புறம் நாடாவைச் சொல்யூஷன் (ஷூ ஒட்டும் பசை) வைத்தோ, மெல்லிய இரட்டைப் பக்க டேப் வைத்தோ நிறுத்த வேண்டும். தோலின் ஓரத்துக்கும் பல்லுக்கும் நடுவே ரன்னர் தாராளமாகப் போய்வர இடம் விட வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பல்லை ஒட்டித் தைத்தால் லைனிங் ரன்னருக்குள் மாட்டும். ஒரு கையால் ஜிப் போடும் மனிதருக்கு அதைவிடத் தொல்லை கிடையாது.

இதற்கு மெஷினும் வேறு. தட்டையான தையல் மெஷினில் ஷூவை நுழைக்க முடியாது. ஷூவுக்குள் போகும்படி நீண்டு மெலிந்த கை உள்ள பேட்ச் மெஷின் வேண்டும். சிங்கர் 29கே என்ற பழைய மாடலை இன்னும் பல கடைகளில் பார்க்கலாம். அதன் அழுத்தும் பாதத்தை எந்தத் திசைக்கும் திருப்பலாம், அதனால் ஷூவைத் திருப்ப முடியாத இடத்திலும் தையலைத் திருப்பலாம். அந்த வழியில் வந்த சீனக் கைச்சுழற்சி மெஷின்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. ஓட்டுபவர் கையைப் பொறுத்து அதிலும் நல்ல தையல் வரும்.

ஆனால் பெரும்பாலும் மெஷினின் கை ஜிப்பின் அடி முனை வரை போகாது. சோலுக்கு மேலே கடைசி இரண்டு விரல் நீளம் கையால்தான் தைக்க வேண்டும். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்துக்கொள்வோம். பழைய ஓட்டையில் குத்தூசியை விட்டு வழி திறந்து, ஒரு ஊசியை வெளியிலிருந்து உள்ளே, அதே ஓட்டையில் இன்னொன்றை உள்ளிருந்து வெளியே விட வேண்டும். உள்ளே முழுக் கை போகாது, இரண்டு விரல்தான் போகும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியால் தடவித்தான் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது ஊசி வரும்போது முதல் நூலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊசி நூலையே குத்திவிடும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் தையல் இறுகாது. ஜிப்மேல் வரும் இழுப்பெல்லாம் இந்த அடி முனையில்தான் சேருகிறது. ஷூவைத் திரும்ப வாங்கும்போது முதலில் இந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். மேலே வரிசை எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே இரண்டு தையல் தளர்ந்திருந்தால் அங்கிருந்துதான் பிரியும்.

நூலில் பருத்தி வேண்டாம், வியர்வையிலும் மழையிலும் இற்றுப்போகும். நைலானோ பாலியஸ்டரோ, டிக்கெட் 40 என்று கேட்டால் அப்பர் தையலுக்குப் போதும் (எண் குறைந்தால் நூல் தடிமன் கூடும், 20 என்றால் தடித்த நூல்). ஊசி விஷயத்தில் ஒன்று மட்டும். தோலுக்கென்றே வெட்டுமுனை ஊசி உண்டு. புதுத் தோலுக்கு அது சரி. இங்கே ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் உருண்டை முனை ஊசியே போதும். வெட்டுமுனை போட்டால் தோலுக்கு உதவுவதை விட, கீழே இருக்கும் ஜிப் நாடாவின் இழைகளை அறுத்து வைக்கும்.

இவ்வளவும் நிஜத் தோலுக்கு. உங்களுடையது தோல் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த விலையில் தோலும் வரும், தோல் மாதிரி மேல்பூச்சுப் போட்ட ரெக்சினும் வரும். விரல் மடங்கும் இடத்தில் பாருங்கள். உரியாமல் சுருக்கம் மட்டும் விழுந்திருந்தால் தோலாக இருக்கலாம். மேல்தோல் செதில் செதிலாக உரிந்து கீழே துணி தெரிந்தால் ரெக்சின். ரெக்சின் உரியத் தொடங்கிய ஷூவுக்கு நான் ஜிப் மாற்றித் தருவதில்லை. கூலி வாங்கிக்கொண்டு இரண்டு மாதத்தில் பிய்ந்துபோகும் வேலையைச் செய்ய எனக்கு மனசு வராது. அப்படியிருந்தால் ரன்னரை மட்டும் மாற்றி ஓட்டும்வரை ஓட்டுங்கள்.

இனி சோல். தைக்கக் கொடுக்கும் முன் சோலின் பக்கத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தாலோ, பிசுபிசுவென்று ஒட்டினாலோ அது பெரும்பாலும் பி.யு. (பாலியூரிதேன்) சோல், காற்றின் ஈரத்தில் உள்ளேயே சிதைந்துவிட்டது. நம் ஊர் ஈரக் காற்றில், போடாமல் அலமாரியில் வைத்த ஷூவுக்குக்கூட இது வரும். அதை ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது, சோலையே மாற்ற வேண்டும். உறுதியாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஒட்டுவதா, தைப்பதா என்றால், முன்பக்கம் வாய் பிளந்த ஷூவுக்கு இரண்டும் வேண்டும் என்பேன். பழைய பசையைச் சுரண்டி, இரண்டு பரப்பையும் ராவி, இரண்டிலும் பசை தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். கடையில் நீங்கள் பார்க்கும்போதே தடவி உடனே அமுக்கிக் கொடுத்தால் அது நிற்காது. பசையும் சோலைப் பொறுத்தது. ரப்பருக்குப் பிடிக்கும் சாதா மஞ்சள் சொல்யூஷன் பி.வி.சி. சோலில் நாளடைவில் இளகி விட்டுவிடும், அதற்கு பி.யு. பசை வேண்டும். டி.பி.ஆர். (தெர்மோபிளாஸ்டிக் ரப்பர்) சோலுக்கு, பசை பிடிப்பதற்காக முதலில் பிரைமர் தடவ வேண்டும். உங்கள் சோல் என்ன ரகம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

தைப்பதில் ஒரு நுணுக்கம். சோலுக்குப் பக்கச் சுவர் இருந்தால் அதன் வழியாகத் தைக்கலாம், நூல் தரையில் படாது. சுவர் இல்லாமல் அடியிலிருந்து தைப்பதானால் கத்தியால் சின்னப் பள்ளம் கீறி நூலை அதற்குள் இறக்க வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் ரோட்டில் உரசி நூல் சில வாரத்தில் அறுந்துவிடும். அப்பாவுக்கு இடது கால் இழுக்கிறது என்றால் ஷூவின் மூக்கு நுனிதான் முதலில் தரையில் உரசும். அந்த உரசலில்தான் சோல் வாய் பிளந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நுனி மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் ஊகம் சரி. அப்படியானால் ஒட்டித் தைத்த பிறகு, நுனியில் மெல்லிய ரப்பர்த் துண்டு ஒன்றைச் சரிவாகச் செதுக்கி ஒட்டச் சொல்லுங்கள். தேய்ந்தால் அது தேயட்டும், மறுபடி மாற்றிக்கொள்ளலாம், தையல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சோலின் கனத்தைக் கூட்டவோ குதிகாலை உயர்த்தவோ கடைக்காரர் யோசனை சொன்னால், பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். ஒரு கால் உயரம் மாறினால் நடையே மாறும். அது எங்கள் தொழிலுக்கு வெளியே இருக்கும் விஷயம்.

இன்னொன்றை மறக்காமல் செய்யுங்கள். சோல் தைத்தால் உள்பக்கம் நூலும் முடிச்சும் மேடாக நிற்கும். உங்களுக்கும் எனக்கும் உறுத்தினால் கழற்றிவிடுவோம். பக்கவாதம் வந்த காலில், சர்க்கரை இருக்கிற காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். புண்ணாகும் வரை தெரியாமலே போகும். முடிச்சைத் தட்டி அமுக்கி, அதன் மேல் மெத்தையான இன்சோல் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஜிப்புக்குப் பின்னால் காலைத் தொடாதபடி தோல் மடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் வைக்கச் சொல்லுங்கள். வாங்கி வந்ததும் உங்கள் கையை உள்ளே விட்டு முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுங்கள். முதல் சில நாள் சாயங்காலம் பாதத்தில் சிவப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக 900 ரூபாய். ஜிப், ரன்னர், நூல், பசை எல்லாம் சேர்த்துப் பொருளுக்கு அதில் சிறு பங்குதான் போகும், நீங்கள் நினைத்தது சரி. ஆனால் பழைய ஓட்டையில் தைப்பதானால் ஒரு ஜிப்புக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு ஜிப், சோல் வேலை எல்லாம் சேர்ந்தால் அரை நாள் உழைப்பு. அந்த வகையில் 900 அநியாயம் இல்லை. என் கடையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும், ஊருக்கு ஊர் கூடக் குறைய இருக்கும். கேள்வி, அத்தனை வேலையும் தேவையா என்பது. வலது கால் ஜிப் நன்றாக இருக்கும்போது அதைப் பிரிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகக் கடைக்காரர் சொல்லியிருக்கலாம், பலர் அப்படிக் கேட்பதும் உண்டு. பிரிக்காமல் இருக்கும் தோலை நான் பிரிக்க மாட்டேன். நான் சொன்ன சோதனையில் பிளக்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் இரண்டு காலுக்கும் புது ஆட்டோலாக் ரன்னர், இடது கால் சோல் வேலை, இவ்வளவு போதும், பாதிக் காசுக்குள் முடியும். ஒரே இடத்தில் பிளந்தாலோ, நாடா கிழிந்திருந்தாலோ இடது காலுக்கு மட்டும் முழு ஜிப் மாற்றுங்கள். மாலையில் மட்டும் பிளந்தால் எலாஸ்டிக் துண்டோடு மாற்றுங்கள்.

எதைச் செய்தாலும் ரன்னரின் கைப்பிடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் மாட்டச் சொல்லுங்கள், சாவிக்கொத்து வளையமே போதும். ஒரு கையால் இழுப்பதற்கு அது பெரிய உதவி. ஜிப் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மண்ணைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரன்னரை இன்னும் வேகமாகத் தின்னும். பழைய பல்துலக்கியால் மண்ணைத் தட்டிவிட்டு, மெழுகுவத்தியைப் பல்லின் மேல் ஒரு தடவை தேய்த்தால் போதும். சோதனை செய்து பார்த்துவிட்டு, இடது கால் ரன்னரின் பின்பக்க எண்ணும் சோல் நுனியும் தெரியும்படி இரண்டு படம் போடுங்கள், எந்த வேலை என்று இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.